புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர் மருந்து: பிஎஸ்ஏ இறங்கினால் மட்டும் போதுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை நினைத்துக்கொள்வோம். வயது 70. சிறுநீர் கழிப்பதில் சிரமம், இடுப்பு வலி என்று தொடங்கியது. பரிசோதித்ததில் புராஸ்டேட் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது என்றார்கள். ஹார்மோன் ஊசி, மாத்திரை, கீமோ எல்லாம் ஆயிற்று. இப்போது சென்னையில் மருத்துவர், "லுட்டீசியம் என்று ஒரு கதிர் மருந்து இருக்கிறது, கொடுத்துப் பார்க்கலாம்" என்கிறார். பிள்ளைகள் கைபேசியில் தேடுகிறார்கள். "இந்தச் சிகிச்சை எடுத்தவர்களின் ரத்த செல்களில் மரபணு மாற்றம்" என்ற செய்தி கண்ணில் படுகிறது. வீட்டில் குழப்பம். கொடுப்பதா, வேண்டாமா?

இப்படிப்பட்ட கேள்வி திருவள்ளூர் மாவட்டத்தில் மட்டுமல்ல, தமிழகத்தின் எந்த ஊரிலும் இன்று எழக்கூடியதுதான். சென்னையில் 1981 முதல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்திவரும் புற்றுநோய்ப் பதிவேடு, ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் கூடிவருவதைக் காட்டுகிறது. நம் ஆயுள் கூடக் கூட இந்த நோயும் கூடும். எனவே இந்தச் செய்தியின் உண்மை என்ன, அதில் பயப்பட வேண்டியது எது, பயப்படத் தேவையில்லாதது எது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கதிர் மருந்து எப்படி வேலை செய்கிறது?

புராஸ்டேட் புற்றுநோய் செல்களின் மேற்பரப்பில் பிஎஸ்எம்ஏ என்ற புரதம் மிக அதிகமாக இருக்கும். அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு மூலக்கூறில், லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கட்டி, நரம்பு வழியாக உடலுக்குள் செலுத்துகிறார்கள். மருந்து உடல் முழுவதும் சுற்றி, புற்றுநோய் செல் எங்கே ஒளிந்திருந்தாலும் அதைக் கண்டுபிடித்து அருகிலிருந்தே கதிர்வீச்சைக் கொடுக்கும். அந்தக் கதிர் உடல் திசுவுக்குள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் அளவே பாயும். வெளியிலிருந்து இயந்திரம் மூலம் கொடுக்கும் கதிர்வீச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். பொதுவாக 6 வாரத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் 6 முறை கொடுக்கிறார்கள்.

இது நம் நாட்டுக்குப் புதிதல்ல. மும்பை டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் லுட்டீசியம்-177 தயாரிக்கப்படுகிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையைத் தொடக்க காலத்திலேயே கொடுத்து, அனுபவத்தை உலக மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். இன்று சென்னையின் சில பெரிய மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது.

பலன் உண்டா என்றால், உண்டு. 2021இல் வெளியான 'விஷன்' என்ற ஆய்வில் 831 நோயாளிகள் பங்கேற்றனர். எல்லாருமே மற்றச் சிகிச்சைகள் எடுத்தும் நோய் முற்றியவர்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.3 மாதம், கதிர் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 15.3 மாதம். நான்கு மாதம்தானா என்று கேட்கலாம். இது இடைநிலைக் கணக்கு. பாதிப்பேர் இதைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள். இந்த ஆய்வை வைத்தே 2022 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் அளித்தது.

ரத்த செல்களில் நடப்பது என்ன?

நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் தயாரிக்கும் இடம். அங்கே தினமும் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் உருவாகின்றன. இவற்றுக்கெல்லாம் மூலமாக இருப்பவை ஸ்டெம் செல்கள் எனப்படும் குருத்தணுக்கள். ஒரு மனிதனிடம் இவை 50,000 முதல் 2 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

வயதாக ஆக, இந்தக் குருத்தணுக்களில் சிறு சிறு மரபணு மாற்றங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் சில மாற்றங்கள், அந்த ஒரு செல்லுக்கு மட்டும் மற்றச் செல்களைவிட வேகமாகப் பெருகும் திறனைக் கொடுத்துவிடும். காலப்போக்கில் அந்த ஒரு செல்லின் வாரிசுகளே ரத்தத்தில் கணிசமான பங்கைப் பிடித்துக்கொள்ளும். இதை மருத்துவர்கள் குளோனல் ஹீமட்டோபாய்சிஸ் என்கிறார்கள். ஒரே செல்லின் வாரிசுகள் கூட்டமாகப் பெருகும் நிலை என்று நாம் புரிந்துகொண்டால் போதும்.

இது நோய் அல்ல. 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இந்த நிலை இருப்பதாக 2014இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள் காட்டின. அவர்களில் பெரும்பாலோர் எந்த அறிகுறியும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பவர்கள்தான். ஆனால் இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, இந்த நிலை உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு அரை முதல் ஒருவர் வரை ரத்தப் புற்றுநோய்க்குப் போகலாம். இரண்டு, இதய ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு என்று 2017இல் தெரியவந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே இருக்கும். அதனால் இரண்டாவது கவலையும் சிறியதல்ல.

கதிர் மாற்றத்தை உண்டாக்குகிறதா, வளர்க்கிறதா?

செய்தியை மேலோட்டமாகப் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. "கதிர் மருந்து ரத்தத்தைக் கெடுத்துவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நடப்பது வேறு.

டிபி53, பிபிஎம்1டி, செக்2 என்று சில மரபணுக்கள் உள்ளன. செல்லின் மரபணுவில் சேதம் ஏற்பட்டால், "நில், சரிசெய், முடியாவிட்டால் இறந்துவிடு" என்று உத்தரவிடும் காவல் அமைப்பைச் சேர்ந்தவை இவை. இந்தக் காவல் கெட்டுப்போன குருத்தணு ஒன்று மஜ்ஜையில் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாட்களில் அது சும்மா கிடக்கும். கதிர்வீச்சு வரும்போது, நல்ல செல்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து நின்றுவிடும் அல்லது இறந்துவிடும். காவல் கெட்ட செல்லோ சேதத்தோடே பிழைத்துப் பெருகும். வயலில் நெல் பயிர் வாடும்போது களை மட்டும் தழைப்பதைப் போல. களையை மருந்து விதைக்கவில்லை. அதற்கு இடம் கொடுத்தது.

இதற்குச் சான்று உண்டு. கீமோவுக்குப் பின் ரத்தப் புற்றுநோய் வந்த சிலரின் பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, சிகிச்சைக்கு முன்பே டிபி53 மாற்றமுள்ள செல்கள் மிகக் குறைந்த அளவில் இருந்ததை 2015இல் ஆய்வாளர்கள் கண்டனர். 2020இல் 24,000க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்த இன்னொரு ஆய்வு, கதிர்வீச்சும் சிலவகைக் கீமோ மருந்துகளும் இந்த மூன்று மரபணுக்களின் மாற்றங்களை வளரவிடுகின்றன என்று உறுதிசெய்தது.

லுட்டீசியம் குறிவைத்துத் தாக்கும் மருந்துதானே, மஜ்ஜைக்கு ஏன் கதிர் போகிறது என்று கேட்கலாம். புராஸ்டேட் புற்றுநோய் அதிகம் பரவும் இடமே எலும்புதான். எலும்பிலுள்ள புற்றுநோய்க் கட்டியை மருந்து தாக்கும்போது, ஒட்டினாற்போல் இருக்கும் மஜ்ஜைக்கும் கதிர் கிடைக்கிறது. ரத்தத்தில் மருந்து சுற்றும் நேரத்திலும் கொஞ்சம் கிடைக்கிறது. விஷன் ஆய்வில் கதிர் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்குக் கடுமையான ரத்தசோகையும், சுமார் 8 பேருக்குப் பிளேட்லெட் கடுமையாகக் குறைவதும் ஏற்பட்டது இதனால்தான். இதில் ஒரு பங்கு நோயினாலேயே வருவது. கதிர் மருந்து பெறாதவர்களிலும் நூற்றுக்கு 5 பேருக்குக் கடுமையான ரத்தசோகை இருந்தது.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

விஷன் ஆய்வில் இருந்தவர்களுக்கு மிச்சமிருந்த ஆயுள் ஓராண்டுக் கணக்கு. ஐந்தாண்டு கழித்து ரத்தத்தில் என்ன வரும் என்ற கேள்வி அவர்களுக்குப் பெரிதாகப் பொருந்தாது. ஆனால் நிலைமை மாறுகிறது. 2025 மார்ச்சில் அமெரிக்கா, கீமோவுக்கு முன்பே இந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று ஒப்புதலை விரிவாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பெர்லினில் நடந்த ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவ மாநாட்டில், ஹார்மோன் சிகிச்சைக்கு இன்னும் கட்டுப்படும் நிலையிலேயே கதிர் மருந்தைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வின் முடிவு வெளியானது. நோய் முற்றுவதோ மரணமோ நேரும் அபாயம் அதில் 28 விழுக்காடு குறைந்திருந்தது.

அதாவது, இனி இந்த மருந்து நோயின் முந்தைய கட்டத்திலேயே வரும். அப்போது அதைப் பெறுபவர்கள் பல ஆண்டுகள் வாழப்போகிறவர்கள். ஓராண்டு வாழ்பவருக்குப் பொருட்டில்லாத ஒரு விளைவு, எட்டாண்டு வாழ்பவருக்குப் பொருட்டாகிவிடும். ரத்த செல் மாற்றம் பற்றிய ஆய்வுகளுக்கு இன்று முக்கியத்துவம் வந்திருப்பது இதனால்தான். மருந்து கெட்டது என்று தெரிந்ததால் அல்ல. மருந்து நன்றாக வேலை செய்வதால் அதை எடுப்பவர்கள் நீண்ட நாள் இருப்பார்கள் என்பதால்.

அபாயத்தின் அளவு எவ்வளவு? இதே லுட்டீசியத்தை வேறொரு மூலக்கூறில் கட்டி, குடல், கணையம் போன்ற இடங்களில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறார்கள். ஐரோப்பாவில் 800க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 2 பேருக்கு மஜ்ஜை பழுதடையும் நோயும், நூற்றுக்குச் சுமார் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் வந்தன. புராஸ்டேட் நோயாளிகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் பேசிக்கொண்டிருப்பது நூற்றுக்கு ஓரிருவர் அளவிலான அபாயம் பற்றி என்பது புரியும்.

எனவே நம் பதில் தெளிவானது. எலும்புக்குப் பரவிய புற்றுநோய் இன்று கண்முன் நிற்கும் ஆபத்து. ரத்த செல் மாற்றம் நாளை ஒருவேளை வரக்கூடிய ஆபத்து. நாளைய சந்தேகத்துக்காக இன்றைய சிகிச்சையை விடுவது சரியல்ல. "கதிர் ரத்தத்தைக் கெடுக்கும், நாங்கள் சூரணம் தருகிறோம்" என்று சொல்பவர்களிடம் மாதங்களை இழந்துவிடக் கூடாது. அதேநேரம், பிஎஸ்ஏ இறங்கிவிட்டது என்று மகிழ்ந்து ரத்தப் பரிசோதனையை விட்டுவிடுவதும் சரியல்ல.

தொழிற்பேட்டைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு

ரத்தக் குருத்தணுவைச் சேதப்படுத்துவது மருத்துவக் கதிர் மட்டுமல்ல. பென்சீன் என்ற வேதிப்பொருள் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டது. பெட்ரோலிலும், சிலவகைத் தின்னர், பசை, கரைப்பான்களிலும் அது இருக்கக்கூடும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே பென்சீன் நச்சு, அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்நோயாக இடம்பெற்றது. புகைப்பழக்கமும் ரத்தக் குருத்தணு மாற்றங்களோடு தொடர்புடையது.

நியூயார்க்கில் 2001இல் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது எழுந்த தூசியிலும் புகையிலும் வேலை செய்த மீட்புப் பணியாளர்கள் 481 பேரைப் பின்னாளில் பரிசோதித்தனர். அவர்களில் நூற்றுக்கு 10 பேரிடம் இத்தகைய ரத்த செல் மாற்றம் இருந்தது. அந்தத் தூசியில் வேலை செய்யாத தீயணைப்பு வீரர்களிடம் அது 6.7 மட்டுமே. 2022இல் வெளியான இந்த ஆய்வு, வேலையிடத்துக் காற்றும் ரத்தத்தில் பதிவை விட்டுச்செல்லும் என்பதைக் காட்டுகிறது.

கும்மிடிப்பூண்டி, மணலி, எண்ணூர்ப் பகுதிகளில் உழைத்தவர் ஒவ்வொருவருக்கும் ரத்தத்தில் மாற்றம் இருக்கும் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் புற்றுநோய் மருத்துவரிடம் வயது, சர்க்கரை, பிரஷர் பற்றியெல்லாம் சொல்கிற நாம், "அத்தா இருபது வருடம் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருந்தார்", "பெட்ரோல் பங்கில் வேலை", "பீடி குடிப்பார்" என்பதைச் சொல்வதில்லை. மருத்துவரும் கேட்பதில்லை. இதைச் சொல்ல வேண்டும். எந்த ஆலை, எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு, எந்தப் பொருளைக் கையாண்டார் என்பதை அரைப் பக்கத்தில் எழுதி மருத்துவக் கோப்பில் வையுங்கள். பின்னால் ரத்தத்தில் சிக்கல் வந்தால், மருத்துவருக்கும் பயன்படும். தொழில்நோய் என்று கோர நேர்ந்தால் குடும்பத்துக்கும் பயன்படும்.

சிகிச்சை சென்னையில், கண்காணிப்பு எங்கே?

நம் மாவட்டத்தின் நிலவமைப்பு தெரிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். கும்மிடிப்பூண்டி ஒரு ரயில் பாதையில், மாவட்டத் தலைநகரான திருவள்ளூர் இன்னொரு பாதையில். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் திருவள்ளூர் போக வேண்டுமென்றால் சென்னைக்குப் போய்த்தான் மாற வேண்டும். 2022 ஜனவரியில் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தும், பொன்னேரி, கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம், பழவேற்காடு மக்கள் மின்சார ரயிலிலோ பேருந்திலோ சென்னைக்குப் போவதையே எளிதாகக் கருதுகிறார்கள்.

6 வாரத்துக்கு ஒரு முறை கதிர் மருந்துக்குச் சென்னை போவது சரி. ஆனால் இடையில் ரத்தப் பரிசோதனைக்காக, உடல் தளர்ந்த 70 வயதுக்காரரை ரயிலேற்றிக் கூட்டிப்போவதும் வருவதும் பெரும்பாடு. அதனால் பரிசோதனை தள்ளிப்போகிறது. ஆறு முறையும் முடிந்த பிறகு, "இனிமேல் என்ன டெஸ்ட்" என்று விட்டேவிடுகிறோம்.

இங்கேதான் ஒரு நல்ல செய்தி. ரத்த செல் மாற்றத்தைக் கண்காணிக்க விலை உயர்ந்த மரபணுப் பரிசோதனை எல்லாருக்கும் தேவையில்லை. அந்த மாற்றமுள்ள செல்களை நீக்க இன்று மருந்தும் இல்லை. மஜ்ஜை பழுதடையத் தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது சாதாரண முழு ரத்தப் பரிசோதனைதான். சிபிசி என்று எழுதித் தருவார்களே, அதுவே. தனியார் ஆய்வகத்தில் சில நூறு ரூபாய். அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை. ஊரிலேயே எடுத்து, அறிக்கையைச் சென்னை மருத்துவருக்கு அனுப்பலாம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் கட்டாயம் உண்டு. சிகிச்சை முடிந்த பிறகும் எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்று கேளுங்கள். ஒரே ஒரு அறிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஹீமோகுளோபின், வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் மாதா மாதம் எப்படிப் போகின்றன என்பதே முக்கியம். ஆகவே சிகிச்சைக்கு முந்தைய அறிக்கை முதல் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். சிகிச்சை முடிந்து பல மாதங்கள் ஆகியும் இந்த எண்கள் மேலே வராமல் இருந்தாலோ, ஏறியவை காரணமில்லாமல் மீண்டும் இறங்கினாலோ ரத்தநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். படியேறினால் மூச்சு வாங்குவது, காரணமில்லாத கன்றிப்போன தழும்புகள், ஈறில் ரத்தக்கசிவு, திரும்பத் திரும்பக் காய்ச்சல் இவற்றை "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள்.

செலவு பற்றியும் முன்கூட்டியே கேட்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் எந்தச் சிகிச்சை, எந்த மருத்துவமனை என்ற வரையறை இருப்பதால், கதிர் மருந்துக்கு நாள் குறிக்கும் முன்பே காப்பீட்டு உதவி மையத்தில் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஐந்தாண்டுக்குக் குறையாமல் இஎஸ்ஐயில் இருந்து வயது நிறைவால் ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவிக்கும் இஎஸ்ஐ மருத்துவ வசதியைத் தொடரலாம். தொழிற்பேட்டையில் உழைத்த பலருக்கு இது தெரிவதே இல்லை. ரத்தப் பரிசோதனை போன்ற தொடர் தேவைகளுக்கு இது பெரிய உதவி.

ரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனையில் ஓர் எச்சரிக்கை

புற்றுநோய்க் கட்டியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் மரபணுத் துணுக்குகளை வைத்து, எந்த மருந்து பலிக்கும் என்று சொல்லும் பரிசோதனைகள் இப்போது பரவிவருகின்றன. பிஆர்சிஏ2, ஏடிஎம் போன்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தால் ஒலாபரிப் போன்ற மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். இவை விலை உயர்ந்தவை. ரத்த அணுக்களையும் குறைக்கக் கூடியவை.

இதில் ஒரு சிக்கல். ரத்தத்தில் தெரியும் மாற்றம் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்ததா, அல்லது நாம் மேலே பார்த்த ரத்த செல் கூட்டத்திலிருந்து வந்ததா என்று அந்தப் பரிசோதனை பல சமயம் பிரித்துச் சொல்லாது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 69 பேரில் 7 பேரிடம் இப்படி ரத்த செல்லின் மாற்றமே கட்டியின் மாற்றம் போலத் தோன்றியது. பத்தில் ஒருவர். பலிக்காத மருந்தை, பலிக்கும் என்று நம்பி வாங்கும் நிலை. வீட்டை அடகு வைத்தாவது அத்தாவுக்கு மருந்து வாங்கிவிட வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைகள் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "வெள்ளையணுக்களையும் தனியாகச் சோதித்து ஒப்பிட்டீர்களா, டாக்டர்?"

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கதிர் மருந்து ஏற்றப்பட்டவரின் உடலிலிருந்து சில நாட்களுக்குக் கதிர் வெளிப்படும். பெரும்பகுதி சிறுநீர் வழியாக வெளியேறிவிடும். அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி, வீட்டிலுள்ளவர்கள் 2 நாட்களும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் 7 நாட்களும் அவரிடமிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். தூங்கும் அறை மற்றவர்களுக்கு 3 நாட்கள், குழந்தைகளுக்கு 7 நாட்கள், கர்ப்பிணிகளுக்கு 15 நாட்கள் தனியாக இருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனை இதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

நம் குடும்பங்களில் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருப்பாள். பேரப்பிள்ளை மடியைவிட்டு இறங்காது. ஊசி போடும் நாளைக் குறிக்கும்போதே இவற்றையும் யோசியுங்கள். ஜமாஅத்தில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதையும் அந்தச் சில நாட்கள் தவிர்த்து வீட்டிலேயே தொழுதுகொள்ளலாம். உட்கார்ந்து சிறுநீர் கழிப்பதும் தண்ணீரால் சுத்தம் செய்வதும் நம்மிடம் ஏற்கெனவே உள்ள பழக்கம். இங்கே அது கதிர்ப் பாதுகாப்புக்கும் உதவுகிறது. கழிப்பறையில் இருமுறை தண்ணீர் விட்டு, கையைச் சோப்பால் கழுவினால் போதும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டியிருப்பதால், ரமலானில் சிகிச்சை நாள் வந்தால் நோன்பு பற்றி மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

இந்த நாட்கள் முடிந்த பிறகும் அவரைத் தீண்டத்தகாதவர்போல் ஒதுக்கிவைக்கக் கூடாது. லுட்டீசியத்தின் வீரியம் ஏறத்தாழ ஏழு நாட்களுக்கு ஒரு முறை பாதியாகிவிடும். ரத்த செல் மாற்றம் தொற்றுவதில்லை. அது பிள்ளைகளுக்குப் பரம்பரையாகப் போவதும் இல்லை.

நோயாளியிடம் மறைக்காதீர்கள்

பிள்ளைகளும் மருமகன்களும் மருத்துவரின் அறையில் பேசி முடித்துவிட்டு, வெளியே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் "ஒண்ணுமில்லத்தா, சத்து ஊசி" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் தனக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று தெரியாதவர், ஈறில் ரத்தம் வந்தால் ஏன் சொல்லப்போகிறார்? மூன்று ஊசியோடு போதும் என்பதா, ஆறும் எடுப்பதா என்ற முடிவு அவருடைய உடலைப் பற்றியது. பலன் இன்னது, அபாயம் இன்னது என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். சொத்து பத்து, கடன், வஸிய்யத் என்று அவர் செய்து முடிக்க நினைக்கும் காரியங்களும் இருக்கும். அதற்கான காலத்தை அவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

அரசிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகளில் எடுக்கும் ரத்த அறிக்கையைச் சென்னையிலுள்ள புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர் பார்க்கும் ஏற்பாடும், திருவள்ளூர் மருத்துவக் கல்லூரியில் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களுக்கென மாதம் ஒரு நாள் ரத்தநோய்க் கவனிப்பும் வேண்டும். ஓய்வுபெறும் தொழிலாளிக்கு, அவர் எந்தப் பொருட்களைக் கையாண்டார் என்ற குறிப்பை ஆலை நிர்வாகம் எழுதிக் கொடுக்க வேண்டும். மக்கள் பிரதிநிதிகளிடம் மனுவாகவே கொடுக்கக்கூடிய கோரிக்கைகள் இவை.

ஜமாஅத்துகளாலும் ஆகக்கூடியது உண்டு. மருத்துவ முகாம் என்றால் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். மஹல்லாவில் புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்கள் யார் என்பது நிர்வாகிகளுக்குத் தெரியும். அவர்களுக்கு மாதம் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, அறிக்கையைக் கோப்பில் சேர்க்க ஒரு படித்த இளைஞரைப் பொறுப்பாக்கினால், பல குடும்பங்களின் அலைச்சல் குறையும். இதற்கு லட்சங்கள் தேவையில்லை.

கதிர் மருந்து நம் பெரியவர்களுக்கு இன்னும் சில காலம் சேர்ந்து வாழ ஒரு வாய்ப்பைத் தருகிறது. அந்த வாய்ப்பைப் பயத்தால் இழக்க வேண்டாம். கிடைத்த காலத்தில் மாதம் ஒரு முறை அவர்களின் ரத்த அறிக்கையை எடுத்துப் பார்க்கும் பொறுப்பை மட்டும் வீட்டில் யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள்.